எந்த சாவடிம்மா?

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ள நுழையறது ஈஸி. வெளியே வர்றதுதான் செமஸ்டர் எக்ஸாம் மாதிரி. 1964-ல ஆரம்பிச்ச எஸ்டேட், ஆயிரம் ஏக்கருக்கு மேல. ஃபர்ஸ்ட் மெயின் ரோடு, செகண்ட் மெயின் ரோடு, தேர்ட் மெயின் ரோடுன்னு பேரு மட்டும் சமர்த்தா இருக்கும். ஆனா, எந்த ரோட்டைப் பார்த்தாலும் ஒரே சீன்... நீளமா காம்பவுண்ட் சுவர், சாம்பல் கலர் கேட், கேட் முன்னாடி ஒரு லாரி. ப்ராஜெக்ட்டுக்கு ஷாஃப்ட் கடைய லேத் பட்டறையைத் தேடிப்போற மெக்கானிக்கல் பசங்களைக் கேளுங்க, கதை கதையா சொல்வாங்க. அட்ரஸ்ல 'எஸ்.பி.'ன்னு இருந்தா சவுத் ஃபேஸ், 'என்.பி.'ன்னா நார்த் ஃபேஸ். அந்த ஒரு எழுத்தைக் கவனிக்கலைன்னா அன்னிக்கு லேத்தும் கிடையாது, லஞ்ச்சும் கிடையாது!

எஸ்டேட்டை விட்டு வெளியே வந்தா இன்னும் காமெடி. அயப்பாக்கம்னு ஒரு ஊரு, அயனம்பாக்கம்னு ஒரு ஊரு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல, ரெண்டுலயும் ஏரி. போன்ல 'அய...'ன்னு அடிச்சதும் அதுவா ஒண்ணை முடிவு பண்ணிடும். பூந்தமல்லி ஹைரோட்டுல வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடின்னு மூணு பேர் வரிசையா நிப்பாங்க. யாரையாவது நிறுத்தி "சாவடி எங்கண்ணே?"ன்னு கேட்டா, "எந்த சாவடிம்மா?"ன்னு திருப்பிக் கேட்பாங்க. சாவடின்னா அந்தக் காலத்துல வழிப்போக்கருங்க தங்கிப்போற இடம். வழி தெரியாம வந்தவங்களுக்காகக் கட்டின இடத்தோட பேரே இன்னிக்கு நம்மைக் குழப்புது, பாருங்க!

அம்பத்தூர் பஸ் ஸ்டாப் பேருங்க தனி ரகம். டன்லப் டயர் ஃபேக்டரி ஓடி நின்னு வருஷங்களாச்சு, ஸ்டாப் பேரு மட்டும் இன்னும் 'டன்லப்'. 1949-ல ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ் பேருலயும் ஸ்டாப் இருக்கு. அம்பத்தூர் ஓ.டி.ல 'ஓ.டி.'க்கு என்ன விரிவாக்கம்னு நாலு பேரைக் கேட்டா நாலு பதில் வரும். ஆனா, அந்த நாலு பேருமே ஓ.டி.க்கு கரெக்ட்டா வழி சொல்லிடுவாங்க. அதுதானே வேணும்?

ரோடு ஏன் இப்படிக் கோணல்மாணலா போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? இங்க ஏரிங்கதான் சீனியர். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரின்னு வரிசையா இருக்கு. நேரா போயிட்டிருக்கற தெரு திடீர்னு திரும்பினா, பக்கத்துல கரை இருக்குன்னு அர்த்தம். அடுத்தது ரயில்வே லைன். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடின்னு ஊரை ரெண்டா வகுந்துட்டுப் போகுது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஃப்ரெண்டு வீடு கண்ணுக்குத் தெரியும், ஆனா வண்டி போகாது. ஆவடியில இன்னொரு விஷயம். ராணுவ டாங்கி செய்யற ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரி 1961-ல வந்தது. அதைச் சுத்தி ராணுவம், விமானப்படை, சி.ஆர்.பி.எஃப்.னு ஏகப்பட்ட வளாகம். நல்லா அகலமா போற ரோடு ஒரு கேட்டுல போய் முடியும். வாசல்ல நிக்கற ஜவான் பேசவே மாட்டார். கையை ஒரு சுத்து சுத்திக் காட்டுவார். யூ டர்ன்!

'கையில போன் இருக்கும்போது இவ்வளவு புலம்பல் எதுக்கு?'ன்னு கேட்கறீங்க. நியாயம்தான். ஜி.பி.எஸ். சிக்னல்ல அமெரிக்கா வேணும்னே கலந்து வெச்சிருந்த பிழையை 2000 மே மாசம் நிறுத்தினதிலேர்ந்து, நாம நிக்கற இடத்தைச் சில மீட்டருக்குள்ள சொல்லிடுது. ஆனா, நீங்க சென்னை பைபாஸ் மேல போறீங்களா, பக்கத்து சர்வீஸ் ரோட்டுல போறீங்களாங்கறதுல அந்தச் சில மீட்டர்தான் வித்தியாசமே. தப்பான இடத்துல ஏறிட்டா, அம்பத்தூர்ல இறங்க வேண்டிய ஆளு புழல் வரைக்கும் போய்ட்டு வரலாம்.

விஷயம் அதில்ல. குறுக்கு வழின்னு போன் எதைச் சொல்லுது? டைக்ஸ்ட்ரா அல்காரிதம் எங்க சிலபஸ்ல இருக்கு. டச்சுக்காரர் டைக்ஸ்ட்ரா 1956-ல ஆம்ஸ்டர்டாம்ல, கல்யாணம் பண்ணிக்கப்போற பொண்ணோட ஷாப்பிங் போயிட்டு, களைப்புக்கு காபி குடிக்க உட்கார்ந்த 20 நிமிஷத்துல, பேப்பர் பேனா இல்லாம யோசிச்சது. (பாவம், அந்தப் பொண்ணு!) ஒவ்வொரு ரோட்டுக்கும் 'வெயிட்'னு ஒரு எண் கொடுக்கணும். கூட்டிப் பார்த்து, எந்த வழியில கம்மியா வருதோ அதுதான் பெஸ்ட். கணக்கு பக்கா. ஆனா, வெயிட் என்னன்னு முடிவு பண்றது யாரு? மேப்புல அது நிமிஷம்.

ராத்திரி எட்டரை மணிக்கு ஸ்கூட்டியில தனியா போற ஒரு பொண்ணுக்கு வெயிட் நிமிஷம் இல்லைங்க. லைட் எரியுதா? கடை திறந்திருக்கா? பஸ் போற ரோடா? நாய் துரத்துமா? ஏரிக்கரை ரோட்டுல அஞ்சு நிமிஷம் மிச்சம்னு போன் காட்டும். அந்த ரோட்டுல ஒரு ட்யூப்லைட்கூட எரியலைங்கறது அதுக்குத் தெரியாது. எங்க க்ளாஸ் பசங்ககிட்ட சொன்னா, "ஓவரா சீன் போடாதடி"ம்பாங்க. அவங்க டைக்ஸ்ட்ராவுல இந்த வெயிட் ஜீரோ. 2013-ல டெல்லியில ஆரம்பிச்ச 'சேஃப்டிபின்' ஆப் இதைத்தான் கணக்குல எடுத்துது. வெளிச்சம், ஆள் நடமாட்டம், அந்த இடத்துல பொண்ணுங்க இருக்காங்களா... இதையெல்லாம் பார்த்து இடத்துக்கு மார்க் போடறாங்க. எனக்குத் தெரிஞ்சு மேப் உலகத்துல உருப்படியா நடந்த வேலை அதுதான்.

கனடாவில குளிர்காலத்துல ஸ்னோமொபைல்னு ஒரு வண்டி ஓட்டறாங்க. கீழே ரோடே இருக்காது. காடு, உறைஞ்ச ஏரி, எல்லாமே வெள்ளை. அதனால பாதைக்கு நம்பர் கொடுத்து, பிரியற இடத்துல அம்புக்குறி போட்டு போர்டு நட்டு வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல போர்டு வேலையை டீக்கடை பார்க்குது. போர்டு இருந்தாலும் அது மேல பிறந்தநாள் போஸ்டர் ஒட்டியிருக்குமே!

யாரைக் கேட்கணும்கறது ஒரு கலை. பைக் மேல சாய்ஞ்சு நின்னு அரட்டை அடிக்கற கும்பல், தெரிஞ்சாலும் தெரியாது. வேகமா நடக்கறவரைக் கேட்டா வாயில வந்ததைச் சொல்லிட்டுப் போய்டுவார். பூக்கார அக்கா, இஸ்திரி வண்டி அண்ணே, மெடிக்கல் ஷாப், ஷேர் ஆட்டோ டிரைவர்... இவங்கதான் என் சாட்டிலைட். ஜி.பி.எஸ்.ஸுக்கும் மினிமம் நாலு சாட்டிலைட் வேணும், தெரியுமில்ல? "பீச்சாங்கை பக்கம் ஒரு கட்டிங் வரும், அதுல போவாத, அடுத்ததுல போ"ன்னு, போகக்கூடாத வழியையும் சேர்த்துச் சொல்றது இவங்க மட்டும்தான்.

போன மாசம் எஸ்டேட்லேர்ந்து பூந்தமல்லி போகணும். மணி எட்டு தாண்டியாச்சு. மேப் அயனம்பாக்கம் பக்கம் ஏதோ சந்தைக் காட்டிச்சு. ஆட்டோ ஸ்டாண்ட்ல ஒரு அண்ணன்கிட்ட போனை நீட்டினேன். அவர் ஸ்கிரீனைப் பார்க்கவே இல்ல. என் வண்டியைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார்.

"இது சொல்ற வழி வேணாம் பாப்பா. பகல்ல போவலாம். நீ வானகரம் ரோட்டைப் புடி, லைட்டு இருக்கும். ஹைரோடு ஏறிட்டா நேரா போ. மூணு சாவடியும் வரிசையா வரும்."

"சுத்து இல்லையாண்ணா?"

"சுத்துதான். உங்க வீட்டுல கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. பெட்ரோல் இருக்கா?"

இருந்தது. வேலப்பன்சாவடி தாண்டி, குமணன்சாவடி தாண்டி, கரையான்சாவடி வந்து சேர்ற வரைக்கும் போன்ல இருந்த அம்மணி 'யூ டர்ன் எடுங்க... யூ டர்ன் எடுங்க'ன்னு கெஞ்சிக்கிட்டே வந்தாங்க!