தைவான் தெரியுதா?

பார்வை மேடை என்று ஒன்று கட்டினால், ஏறி நிற்கிறவனுக்கு எதையாவது காட்ட வேண்டும். அதுதானே நியாயம்? ஜப்பானின் மேற்குக் கடைசியில், யோனகுனி என்கிற பொடித் தீவில், இரிசாகி என்று ஒரு முனை. அங்கே ஒரு மேடை. ஏறினால் தெரிய வேண்டியது தைவான். ஆனால் வருஷத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில நாட்கள்தான் தெரியும். மற்ற நாளெல்லாம் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். தெரியாது என்று தெரிந்தே ஜனங்கள் ஏறுகிறார்கள். நாங்களும் ஏறினோம்.

'நாங்கள்' என்றால் நானும் என் ரூம்மேட்டும். மதுரைக்காரன். ஒசாகாவில் ஒரே ஆபீஸ். சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைத்ததும், "கியோட்டோ போலாம்டா, கோயில் பார்க்கலாம்" என்றான். "மதுரைக்காரன் கோயில் பார்க்க கியோட்டோ போறதா? ஊருக்கே அவமானம்" என்று ஒரு போடு போட்டேன். கிளம்பிவிட்டான்.

இஷிகாகி தீவு வரை பெரிய விமானம். அங்கிருந்து காற்றாடி வைத்த குட்டி விமானத்தில் அரை மணி. கப்பலும் உண்டு, நாலு மணி நேரம். குரோஷியோ என்கிற பெரிய நீரோட்டம் ஓடுகிற கடல் அது. அந்தக் கப்பலுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கிற செல்லப் பெயர் 'வாந்திக் கப்பல்'. பெயரைக் கேட்டதுமே மதுரைக்காரன் விமான டிக்கெட்டைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக் கொண்டான்.

தீவின் பரப்பு 29 சதுர கிலோமீட்டருக்குள். மூன்றே மூன்று ஊர். ஜனத்தொகை 1,700 சொச்சம். கடகரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருப்பதால் நம்ம ஊர்ப் புழுக்கத்தை ஞாபகப்படுத்துகிற ஊர். கரும்புத் தோட்டம், தாழம்புதர், கழுத்தில் வழிகிற வியர்வை. ஜப்பான் என்று சொன்னால் ஊரில் அம்மா நம்ப மாட்டாள்.

கிழக்குக் கோடிக்கு அகாரிசாகி என்று பெயர். சூரியன் ஏறுகிற முனை. மேற்குக் கோடி இரிசாகி, அதாவது சூரியன் உள்ளே நுழைகிற முனை. திசைக்குப் பெயர் வைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

முதலில் கிழக்கே போனோம். செங்குத்தான பாறை, மேலே புல்வெளி, அதில் யோனகுனிக் குதிரைகள். இந்தத் தீவுக்கே உரிய ஜாதி. இடுப்பளவை விடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். வேலி கிடையாது. அதற்குப் பதில் ரோட்டில் குறுக்கே இடைவெளி விட்டுக் கம்பி பதித்திருக்கிறார்கள். குளம்பு மாட்டிக்கொள்ளும் என்று மிருகங்கள் அதைத் தாண்டுவதில்லை. நடுரோட்டில் ஒரு குதிரை நின்றால் கார்கள் ஹாரன் அடிக்காமல் காத்திருக்கின்றன. "நம்மூரு மாடுங்களுக்கு இந்த மரியாதை இல்லையேடா" என்று அண்ணாந்து நடந்த ரூம்மேட், சாணத்தில் காலை வைத்தான். புது ஷூ. அப்புறம் அரை மணி நேரத்துக்கு இயற்கை அழகைப் பற்றி அவன் பேசவில்லை.

சாயங்காலம் இரிசாகி. கீழே குபுரா என்கிற மீன்பிடி கிராமம். கொப்பரா மீன் பிடிப்பதில் பேர் போன துறைமுகம். ஈட்டி மாதிரி மூக்கு நீண்டிருக்குமே, அந்த மீன். மத்தியானம் அதைப் பச்சையாகவே துண்டு போட்டுக் கொடுத்தார்கள். நான் சாப்பிட்டேன். சுத்த சைவமான ரூம்மேட் வெறும் சோற்றில் சோயா சாஸை ஊற்றிப் பிசைந்து, ரசம் என்று கற்பனை செய்துகொண்டான்.

கிராமத்திலிருந்து மேடேறினால் ஒரு கலங்கரை விளக்கம், 'ஜப்பான் நாட்டின் மேற்குக் கடைசி நிலம்' என்று பொறித்த ஒரு கல், பக்கத்தில் பார்வை மேடை. டோக்கியோ இங்கிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர். தங்கள் மாநிலத் தலைநகரம் நாஹாவே 500-க்கு மேல். தைவான் 111. சென்னையிலிருந்து திண்டிவனம் போகிற தூரம்!

அப்படியானால் ஏன் தெரியவில்லை? பூமி உருண்டை என்பதால் இல்லை. தைவானில் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகள் வரிசையாக நிற்கின்றன. அந்த உயரத்துக்கு, வளைவைத் தாண்டியும் இங்கிருந்து தலை தெரிய வேண்டும். குறுக்கே நிற்பது கடல் காற்றின் ஈரம். காற்று அந்த ஈரத்தைத் துடைத்துவிட்ட நாளில் மட்டும், நீல நிழலாக மலை எழுந்து நிற்குமாம்.

மேடையில் எங்களுக்கு முன்பே ஒரு பெரியவர் இருந்தார். மீன்பிடித் தொழிலை விட்டுப் பல வருஷமாகிறதாம். என் அரைகுறை ஜப்பானிய மொழியில், "தைவான் தெரியுதுங்களா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு இல்லை தம்பி" என்றார், 'சார் வீட்ல இல்லை' என்று சொல்கிற மாதிரி.

பிறகு தானாகவே பேசினார். அவர் அம்மா பத்தொன்பது வயதில் தைபேயில் ஒரு வீட்டில் வேலை பார்த்தவராம். 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. இந்தத் தீவுக்காரர்களுக்குப் பட்டணம் என்றால் தைபேதான். வேலைக்கு அங்கே, படிக்க அங்கே, வைத்தியத்துக்கும் அங்கே. தைவான் நோட்டு இங்கே கடைகளில் செல்லுபடியானது. "அம்மா கடைசி வரைக்கும் ஊருக்குப் போறேன்னு சொன்னா அது தைபேதான். டோக்கியோவை அவங்க பார்த்ததே இல்லை."

1945-ல் யுத்தம் முடிந்தது. கடலில் ஒரு கோடு விழுந்தது. கோடு விழுந்தாலும் வயிறு கேட்குமா? அரிசியும் சர்க்கரையும் தைவானிலிருந்து ராத்திரியில் படகேறி வந்தன. ஒகினாவாவிலிருந்து அமெரிக்க ராணுவச் சாமான்கள் அந்தப் பக்கம் போயின. கள்ளக்கடத்தல்தான். நடுவில் சந்தை இந்தக் குபுரா. விடிய விடிய விளக்கெரிந்த ஊராம் அது. தீவின் ஜனத்தொகை 12,000-ஐத் தாண்டியது என்கிறார்கள். அமெரிக்க ராணுவம் பிடியை இறுக்கியதும் சந்தை படுத்தது. ஊர் காலியாக ஆரம்பித்தது.

ஆகாயத்திலும் ஒரு கோடு இருந்தது, அது இன்னும் வேடிக்கை. யுத்தத்துக்குப் பின் அமெரிக்கர்கள் வான்பாதுகாப்பு எல்லையை 123-வது தீர்க்கரேகையில் போட்டார்கள். அது சரியாக இந்தத் தீவின் மேலேயே ஓடியது. தரை ஜப்பானுக்கு, தலைக்கு மேலே மூன்றில் இரண்டு பங்கு ஆகாயம் தைவான் கணக்கில்! 2010-ல்தான் ஜப்பான் அந்தக் கோட்டை நகர்த்தியது.

"அப்ப இப்ப எல்லாம் சரியாயிடுச்சு" என்றான் ரூம்மேட்.

பெரியவர் திரும்பி, மலைமேல் நின்ற ராணுவ ராடார்களைக் காட்டினார். 2015-ல் முகாம் வேண்டுமா, வேண்டாமா என்று தீவில் ஓட்டெடுப்பு நடந்தது. வேண்டும் 632, வேண்டாம் 445. நம்ம பக்கத்து ஒரு அபார்ட்மென்ட் அசோசியேஷன் தேர்தல் அளவு. ஆனால் அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் போன தேர்தல் என்றார். 2016-ல் முகாம் வந்தது. 2022 ஆகஸ்டில் தைவானைச் சுற்றி சீனா ராணுவப் பயிற்சி நடத்தியபோது, ஏவுகணை ஒன்று இந்தத் தீவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் கடலில் விழுந்தது. ஏதாவது ஆனால், யோனகுனி உள்பட இந்தப் பக்கத்துத் தீவுகளிலிருந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வடக்கே கொண்டு போவதற்கு அரசாங்கம் 2025-ல் திட்டமே போட்டிருக்கிறது.

"நீங்க போவீங்களா?"

"படகு வந்தா ஏறணும்தான். எங்கம்மா இங்கேதான் புதைஞ்சிருக்கா. அவளை எந்தப் படகுல ஏத்துறது?"

ரூம்மேட் எதுவும் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். (சாண விவகாரம் கணக்கில் சேராது.)

சூரியன் இறங்க ஆரம்பித்தது. ஜப்பானில் கடைசியாகச் சூரியன் மறைகிற இடம் இதுதான். எதிரே தைவானில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். இங்கே ஆறரை என்றால் அங்கே ஐந்தரை, ஆபீஸ் விடுகிற நேரம். ஒரே சூரியன், 111 கிலோமீட்டர், இரண்டு நேரம். சிவப்புக்கு நடுவே தொடுவானத்தில் கறுப்பாக ஏதோ மேடு தட்டியது. "டேய், தைவான்டா!" என்று கத்தினான் ரூம்மேட். பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"மேகம்" என்றார். ஆனாலும் அவரும் உடனே பார்வையை எடுக்கவில்லை.

இறங்கி வந்து குபுராவில் ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினோம். கல்லாவில் நடுத்தர வயது அம்மா. தைவான் தெரிகிற நாள் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"அன்னிக்கு நீங்க வந்தா தண்ணி கிடைக்காது. கடையைச் சாத்திட்டு நானும் மேலே ஓடியிருப்பேன்" என்று சொல்லி, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.