அசைந்து நிற்கும் மாடங்கள்

டோக்கியோ மாநகரின் அசகுசா என்னும் பகுதியில் 1890ஆம் ஆண்டில் பன்னிரண்டு அடுக்குக் கோபுரம் ஒன்று எழுந்தது. அதன் பத்து அடுக்குகள் செங்கல்லால் ஆனவை. 'முகிலைக் கடந்த மாடம்' என்று பொருள்படும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அங்கிருந்து சிறிது தொலைவில், உவேனோ சோலையில், 1639ஆம் ஆண்டின் ஐந்தடுக்கு மரக்கோபுரம் ஒன்றும் நின்றது.

1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், நண்பகல் வேளையில் நிலம் நடுங்கியது. செங்கற் கோபுரத்தின் மேலடுக்குகள் முறிந்து வீழ்ந்தன. எஞ்சியதைப் படைவீரர் வெடிவைத்துத் தகர்த்தனர். நடுக்கத்திலும் அதனைத் தொடர்ந்த தீயிலும் மாண்டவர் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர். மரக்கோபுரமோ வீழவில்லை, இன்றும் நிற்கிறது. மரத்தோடு மரம் கோத்த அதன் பொருத்துகள் சற்றே நெகிழ்ந்து உராய்ந்து, நிலம் தந்த விசையைத் தேய்த்துவிட்டன. செங்கற் சுவருக்கு வளையத் தெரியாது, பிளக்கத்தான் தெரியும்.

அக்காலத்தில் ஜப்பானிய நகரங்களில் 31 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பச் சட்டம் இடந்தரவில்லை. 1963இல் அத்தடை தளர்ந்தது. கியோஷி முத்தோ என்னும் கட்டடவியல் அறிஞர், உயர்ந்த கட்டடம் நிலத்தோடு போரிடாமல் வளைந்து கொடுக்க வேண்டும் என்றார். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் மேலே மேலே எழும். காலந்தவறித் தள்ளினால் எழாது. பெரும்பாலான நடுக்கங்களில் நிலம் விரைந்து அதிர்கிறது. உயர்ந்த எஃகுக் கட்டடம் ஒருமுறை சாய்ந்து மீளவோ பல விநாடிகள் ஆகும். ஆதலின் அவ்வதிர்வு அதனைப் பெரிதும் ஆட்டுவதில்லை.

இக்கொள்கையின்படி 36 மாடிகளும் 147 மீட்டர் உயரமும் கொண்ட கசுமிகசேகி மாளிகை 1968இல் நிறைவெய்தியது. அதன் சுவர்களில் முத்தோ செங்குத்தாகப் பல பிளவுகளை வேண்டுமென்றே அமைத்தார். சுவரில் பிளவு கண்டால் கொத்தனாரைக் கடிவது உலக வழக்கம். இங்கோ பிளவுதான் காவல்! பெருநடுக்கம் வருங்கால், பிளவுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பட்டையும் தனித்தனியே வளைந்து விசையை ஏற்கும். சுவர் முழுவதும் ஒருங்கே வெடிக்காது.

எனினும் வளைவதிலும் ஓர் இடர் உண்டு. மிகப் பெரிய நடுக்கங்கள் நெடிய, மெல்லிய அலைகளையும் எழுப்புகின்றன; அவை கட்டடத்தின் போக்கோடு ஒத்துவிட்டால் ஊஞ்சல் எழத் தொடங்கும். 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11இல் அதுவே நிகழ்ந்தது. நடுக்கம் தோன்றிய இடத்திற்கு 700 கிலோமீட்டருக்கும் அப்பால், ஒசாகாவில் இருந்த 256 மீட்டர் உயர அரசுக் கட்டடம் பல நிமிடங்கள் ஆடியது. மேற்கூரைப் பலகைகள் பெயர்ந்தன. மின்தூக்கிகள் நின்று, உள்ளிருந்தோர் சிக்கித் தவித்தனர். கட்டடம் வீழவில்லை, ஆனால், அத்தனை நேரம் ஆடும் தளத்தில் நின்றவர்க்கு அது எளிதில் ஆறுதல் தந்திராது.

டோக்கியோவின் சிஞ்சுகு பகுதியிலும் உயர்ந்த மாளிகைகள் அன்று நெடுநேரம் ஆடின. அவற்றுள் ஒன்றான 55 மாடி மிட்சுயி மாளிகையின் உச்சியில், 2015இல், ஒவ்வொன்றும் 300 டன் எடையுள்ள ஆறு ஊசற்குண்டுகளைத் தொங்கவிட்டனர். மாளிகை வலப்புறம் சாயும்போது குண்டுகள் பின்தங்கி அதனை இடப்புறம் இழுக்கின்றன. அது இடப்புறம் மீளும்போது வலப்புறம் இழுக்கின்றன.