பேரம் பேசும் முன் ஒரு நிமிடம்... அட்டிட்லான் ஏரிக்கரையின் பாசிமணிப் பெண்கள்!

சுற்றிலும் மலைகள், தெற்கே மூன்று எரிமலைகள், நடுவே நீலமாக விரிந்து கிடக்கிறது அட்டிட்லான் ஏரி. மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது இது. பனஹச்செல் ஊரில் 'லாஞ்சா' எனப்படும் மோட்டார் படகில் ஏறினால், மறுகரையில் சான்டியாகோ அட்டிட்லான். மாயா இனத்தின் ஒரு பிரிவான சுதுஹில் மக்களின் ஊர்.

படகுத்துறையிலிருந்து மேலேறும் தெருவில் கண்ணைப் பறிப்பவை பாசிமணி நகைகள். வளையல், கம்மல், கழுத்தணி, கூடவே மணிகளாலேயே கோத்த குட்டி ஹம்மிங்பேர்டு பறவைகள்!

கடுகு அளவு கண்ணாடி மணிகள். பல செக் குடியரசிலிருந்து வருபவை. ஊசியில் ஒவ்வொன்றாக எடுத்து, நிறத்தை எண்ணிக் கோக்க வேண்டும். ஒரு மணி மாறினாலும் டிசைன் கோணிவிடும். பிரித்து மறுபடி கோக்க வேண்டியதுதான். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில்தான் பலருக்கு இந்த வேலை.

இந்த மணிகளுக்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 2 லட்சம் பேர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல்போயினர். பெரும்பாலானோர் மாயா மக்கள். 1990 டிசம்பரில் இதே ஊரில், ஆயுதமின்றித் திரண்ட மக்கள்மீது ராணுவம் சுட்டது. மக்கள் பணியவில்லை; ராணுவம்தான் முகாமைக் காலிசெய்தது. போரில் கணவரை இழந்த பெண்கள் பலருக்கும் கைத்தொழிலே சோறு போட்டது. கூட்டுறவுக் குழுக்கள் பிறந்தன.

ஆனாலும், தனியாக விற்கும் பெண்ணுக்குப் பேரத்தில் முதலில் குறைவது கூலிதான். மணிக்கும் நூலுக்கும் கொடுத்த காசு குறையாதே! 'நியாய வணிகம்' சரிசெய்யப் பார்ப்பது இதைத்தான். உலக நியாய வணிக அமைப்பின் விதிப்படி, கைவினைஞர் கேட்டால் ஆர்டர் தொகையில் குறைந்தது 50 சதவிகிதத்தை வட்டியில்லா முன்பணமாகத் தர வேண்டும். மணி வாங்கக் கடன் தேட வேண்டாம்.

குவாத்தமாலாவின் 25 சென்டாவோ நாணயத்தில் ஒரு பெண்ணின் முகம் இருக்கிறது. தலையைச் சுற்றி வட்டமாகக் கட்டிய நீண்ட துணிப்பட்டை, இந்த ஊர்ப் பெண்களின் அடையாளம். அவர், சான்டியாகோ அட்டிட்லானின் கான்செப்சியோன் ராமிரெஸ்.

இங்கே போனால், விலை கேட்கும்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இதில் கோத்தவருக்கு எவ்வளவு?" அதற்குத் தயங்காமல் பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள்.