விடியுமுன் ஏறும் மலை

பொங்கல் கழிந்த மறுவாரம், கம்பம் பள்ளத்தாக்கின் பங்கு ஒன்றிலே மூன்று நாள் தியானப் பிரசங்கம் செய்யும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மதுரையில் போடி வண்டி ஏறினோம். இந்தப் பாதையில் முதன்முதல் இரயில் ஓடியது 1928-இல். குருமடத்தில் பயின்ற காலத்தில் சிறிய வண்டியில் இவ்வழியே சென்றிருக்கிறோம். ஆண்டிபட்டிக் கணவாயில் அது மூச்சிரைக்க ஏறும்போது, இறங்கி உடன் நடந்தாலும் பிந்தமாட்டோம் என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. அகலப் பாதையாக்கும் பணிக்காக 2010-இன் இறுதியில் அந்த வண்டி நின்றது. 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரையிலும் புது வண்டி வந்து சேர்ந்தது. இரயிலே காணாத குழந்தைகள் ஒரு தலைமுறை அளவிற்கு இங்கே வளர்ந்துவிட்டனர் என்பதை, சன்னலோரம் நின்று கையசைத்த சிறுவர் கூட்டம் நமக்கு உணர்த்தியது.

தேனி சந்தையைச் சுற்றி வளர்ந்த ஊர். 1996-இல் மதுரையினின்று பிரிந்து மாவட்டத் தலைநகரான பின்பும் அதன் உயிர் கடைவீதியிலேயே இருக்கிறது. இங்கே 'பேட்டை' என்னும் சொல்லைக் கேட்டதும் நாம் சற்று நின்றோம். சென்ற நூற்றாண்டிற்கும் முந்திய காலத்தில், மாட்டுவண்டியில் சரக்கேற்றித் தென்பாண்டி நாடெங்கும் சென்ற நாடார் வணிகர்கள், கள்வர் பயமின்றி இரவில் தங்கவும் மூட்டைகளைக் காக்கவும் அமைத்துக்கொண்ட அடைப்புகளே பேட்டைகள். பேட்டையில் இறங்கும் சரக்கிற்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை 'மகமை' என ஒதுக்கினர். அந்தச் சில்லறைக் காசுகளே பின்னர் கிணறாகவும் கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் எழுந்தன. தேனி மேலப்பேட்டை உறவின்முறையார் நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும் இந்த மரபின் வழி வந்தவையே. வெளியார் எவரிடமும் கையேந்தாமல், தம்முடைய மூட்டையிலிருந்தே எடுத்த காசு! நம் பங்குகளிலே நிதி திரட்டும்போது இந்த மகமையை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அது பற்றிப் பின்னர் சொல்லுவோம்.

தேனியை விட்டுத் தெற்கே செல்லச் செல்லப் பசுமை கண்ணை நிறைக்கிறது. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி, கம்பம், கூடலூர் என ஊர்கள் தொடர்கின்றன. ஒருபுறம் மேகமலைத் தொடர், மறுபுறம் ஏலமலை. நடுவே 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம். இவ்வளவும் பெரியாற்று நீரின் கொடை. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை, 1895 அக்டோபர் 10 அன்று திறக்கப்பட்டது. அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் பிறந்த நாளான ஜனவரி 15-இல் இப்பகுதி மக்கள் அவருக்காகவே பொங்கலிடுகின்றனர். லோயர் கேம்பில் 2013-இல் திறக்கப்பட்ட மணிமண்டபத்தில், அவர் சிலைக்கு இட்ட மாலை நாம் சென்றபோதும் வாடிக் கிடந்தது. அணை கட்டுகையில் மலேரியாவிலும் காலராவிலும் மாண்ட தொழிலாளர் பலர். அவர்களுக்கு மாலையிடுவார் யாரென்று கேட்கத் தோன்றியது. உடன் வந்த உபதேசியாரிடம் கேட்கவில்லை.

அனுமந்தன்பட்டியில் பரிசுத்த ஆவி ஆலயம். இராயப்பன்பட்டியில் பனிமய அன்னை ஆலயமும் அதனையொட்டிய பள்ளிகளும். புனித பேதுருவை இராயப்பர் என்றழைத்த தலைமுறையினர் நம் வீடுகளில் இன்னும் இருந்தால், இந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர்கள் முகம் மலரும். வழியெங்கும் பந்தலில் பன்னீர்த் திராட்சை. 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் இந்த வகையைத் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவந்தார் என்பர். 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உத்தமபாளையத்தைக் கடக்கும்போது, 1956-இல் ஹாஜி கருத்த ராவுத்தர் நிறுவிய ஹவுதியா கல்லூரியைக் கண்டோம். நம் கத்தோலிக்க இல்லங்களின் பிள்ளைகளும் அங்கே பயின்று பட்டம் பெற்றிருக்கின்றனர் என்று உபதேசியார் பெருமையுடன் கூறினார். தமக்கென்று தொடங்கியதைப் பிறருக்கும் திறந்துவிடும் குணம் இப்பள்ளத்தாக்கின் மண்ணிலே ஊறியிருக்கிறது போலும்.

ஆயினும் வாசக அன்பர்களே, நாம் சொல்ல வந்தது இதுவன்று. மறுநாள் விடியற்காலையில் கண்டதையே சொல்ல வந்தோம்.

அன்று நான்கரை மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. பங்கு இல்லத்தின் வெளியே ஓயாத பேச்சுக்குரல். கம்பளியைப் போர்த்துக்கொண்டு வாயிலுக்கு வந்தோம். தெருமுனை விளக்கின் கீழே முப்பது நாற்பது பெண்கள். தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி, ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை சேலைக்கு மேல். ஒன்றன்பின் ஒன்றாக ஜீப்புகள் வந்தன. எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதோ அதைப் போல இரண்டு பங்கினர் ஏறினர். ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலிப் பெண்கள் இவர்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்னும் மூன்று வழிகளிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு இடுக்கிக்கு ஏறுகின்றனர். அங்கிருந்து தண்ணீர் இறங்கி வருகிறது. இங்கிருந்து உழைப்பு ஏறிச் செல்கிறது.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரில், மண்ணை ஒட்டிய சரத்தில் காய்க்கும். பழுத்த காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும் செய்யும் வேலை. ஈரம், அட்டை, தெளித்த மருந்தின் நெடி. பாயசத்தில் நாம் நான்கு ஏலம் தட்டிப் போடுகிறோமே, அது ஒருத்தியின் இடுப்பு வலி.

"எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், அம்மா?" என்று ஒருவரைக் கேட்டோம்.

"மூணு மணிக்குச் சாமி. சோறாக்கி வச்சிட்டு, பிள்ளைகளை எழுப்பாம வந்திருவோம். எழுப்பினா அழும்."

எழுப்பாமல் வந்துவிடுவது! அந்தச் சொல் நம் தியானப் பிரசங்கம் அனைத்தையும் ஒரு நொடியில் எளிதாக்கிவிட்டது. அம்மா இல்லாத வீட்டில் குழந்தை கண் விழிக்கிறது. எட்டாம் வகுப்பில் படிக்கும் அக்காள் தம்பியைக் குளிப்பாட்டுகிறாள், சோறூட்டுகிறாள், தலை பின்னாமல் பள்ளிக்கு ஓடுகிறாள், இல்லையேல் நின்றுவிடுகிறாள். காலையுணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2024 ஜூலையில் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தபின், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பசியோடு முதல் மணி வகுப்பில் அமரும் கொடுமை குறைந்தது என்று தலைமையாசிரியை ஒருவர் நம்மிடம் கூறினார். ஆனால் மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டபின்? ஜீப் இறங்க ஆறரையாகும், சில நாள் ஏழாகும். அந்த மூன்று மணி நேரத்தில்தான் பையன்கள் பேருந்து நிலையத்திற்குப் பழகுகிறார்கள். அங்கே அவர்களுக்காகக் காத்திருப்பவர் கையில் என்ன இருக்கும் என்பதை இப்பகுதிப் பெற்றோர் அறிவர். பெண் பிள்ளைகளோ விடுமுறையில் ஒரு நாள் தாயோடு தோட்டத்திற்குச் சென்று, கூலியைக் கையில் வாங்கிப் பார்த்தபின், புத்தகப் பையைத் தேடுவதில்லை.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சனையில் எல்லை கொதித்தபோதும், 2020-இல் பெருந்தொற்றால் எல்லை அடைக்கப்பட்டபோதும் ஜீப்புகள் ஓடவில்லை. "அப்ப அம்மா வீட்டிலேயே இருந்துச்சு" என்று ஒரு சிறுவன் நம்மிடம் மகிழ்ச்சியோடு சொன்னான். அவன் தாய் அந்த மாதங்களில் கடன் வாங்கிச் சோறு போட்டதை அவன் அறியான்.

இங்கே நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன், வேறொரு பங்கிலே நாம் பணியாற்றியபோது, கூலிக் குடும்பங்களுக்கென்று சமுதாயக் கூடம் ஒன்று கட்டினோம். நன்கொடையாளர் தாராளமாகக் கொடுத்தார். பளிங்குக் கல்வெட்டு, பத்துத் தையல் எந்திரங்கள், பூட்டிய அலமாரியில் புத்தகங்கள். காலை பத்து முதல் மாலை நான்கு வரை திறந்திருக்கும் என்று பலகை எழுதி மாட்டினோம். பெண்கள் கூலிக்குச் சென்றுவிட்ட நேரம், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம்! ஆறு மாதத்தில் எந்திரங்களில் துரு. இரண்டாண்டில் அது கலியாணக் கூடம். சாவி மட்டும் கடைசி வரை நம் மேசையறையில் பத்திரமாக இருந்தது.

குருமடத்தில் தொன் போஸ்கோவின் வரலாற்றை மனப்பாடமாகப் படித்தவர்கள்தாமே நாம்? 1841 டிசம்பர் 8, அமல அன்னைத் திருநாள். தூரின் நகரில் புனித அசிசி பிரான்சிஸ் ஆலயத்தின் உடைமாற்றும் அறையில், பூசைக்கு உதவி செய்யத் தெரியாத கொத்து வேலைச் சிறுவன் ஒருவனைக் கோயிற்பிள்ளை துடைப்பத்தால் விரட்டினார். அவனைத் திரும்ப அழைக்கச் செய்து, பாடத் தெரியுமா, சீழ்க்கையடிக்கத் தெரியுமா என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கினார் அந்த இளங்குரு. அவர் சிறுவர்களைத் திரட்டியது அவர்களுக்கு ஓய்வான ஞாயிற்றுக் கிழமையில். வகுப்பு நடத்தியது வேலை முடிந்த இரவில். கட்டடம் பின்னர்தான் வந்தது; ஐந்தாண்டுகள் இடமிடமாக அலைந்து 1846-இல் வால்தோக்கோவில் கிடைத்ததும் ஒரு கொட்டகையே. 1850களின் தொடக்கத்தில், தொழில் பழகும் சிறுவனை அடிக்கலாகாது, ஞாயிறு ஓய்வு தர வேண்டும் என்று முதலாளியிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கியவர் அவர். நம் சென்னையிலும் வியாசர்பாடிச் சேரிகளுக்கு நடுவே, பர்மாவிலிருந்து எல்லாம் இழந்து திரும்பிய தமிழர்களும் தொழுநோயாளரும் கிடந்த இடத்தில், சலேசியக் குரு மந்தோவானி அடிகளார் 1960களில் 'பியாட்டிட்யூட்ஸ்' என்ற அன்பு மையத்தைத் தொடங்கினார். அவரும் மக்கள் கிடந்த இடத்திற்கே சென்றார். நாமோ, மக்கள் வர இயலாத நேரத்தில் கதவைத் திறந்து வைத்து, அவர்கள் வரவில்லை என்று குறைபட்டுக் கொண்டோம்.

தியானத்தின் கடைசி நாள் மாலை, அவ்வூர்க் கன்னியர் மடத்தின் தாழ்வாரத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டோம். அதற்குப் பெயர்ப் பலகையில்லை. இரண்டு மின்விளக்கு, பாய்கள், ஒரு கரும்பலகை, ஒரு கேரம் பலகை. காலை ஐந்தரைக்கும் மாலை நான்கிற்கும் அதன் கிராதிக் கதவு திறக்கப்படுகிறது. அறுபது பிள்ளைகளுக்குக் குறையாது. நெற்றியில் நீறு பூசிய பிள்ளையும், குல்லா அணிந்த பிள்ளையும், கழுத்தில் உத்தரியம் தரித்த பிள்ளையும் ஒரே பாயில் வாய்ப்பாடு ஒப்பித்துக் கொண்டிருந்தனர். ஒரு சிறுமி மடியில் தம்பியைக் கிடத்திக்கொண்டு கணக்குப் போட்டாள்.

"கைக்குழந்தையோடு வருகிறாளே, தொந்தரவில்லையா, அம்மா?" என்று கேட்டோம்.

மூத்த கன்னியர் சிரித்தார். "குழந்தையை விட்டுவிட்டு வா என்று சொன்னால் அவளே வரமாட்டாள், சுவாமி. இரண்டு மாதம் அப்படிச் சொல்லித்தான் அவள் அக்காளை இழந்தோம். அது இப்போது ஜீப்பில் போகிறது."

பாடம் சொல்லித் தருபவள் கூலிப் பெண் ஒருத்தியின் மகள். இதே பாயில் படித்துப் பட்டம் பெற்றவள். அவளுக்குத் தரும் சிறு சம்பளத்திற்கு வழி என்ன என்று வினவினோம். நன்கொடையாளர் பெயர் ஏதேனும் வரும் என்று எதிர்பார்த்தோம். கன்னியர் உள்ளே சென்று நசுங்கிய பால்மாவு டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். கூலி வாங்கும் நாளில், ஜீப்பில் வயதில் மூத்த பெண் அதை மடியில் வைத்துக்கொள்வாளாம். இறங்குமுன் ஆளுக்குப் பத்து ரூபாய். பிள்ளையில்லாதவளும் போடுகிறாள். காய் எடுப்பு இல்லாத மாதங்களில் டப்பா இலேசாகிவிடும். அப்போது மடத்துச் செலவில் ஏதாவது குறைத்துக் கொள்வார்களாம்.

தேனியில் கேட்ட மகமை மறுபடியும் நம் காதில் விழுந்தது.

மணி ஆறரை. தெருவில் ஜீப்புகள் வந்து நின்றன. ஏலவாசனையோடு தாய்மார் வந்து, கிராதிக்கு வெளியே நின்றபடியே பெயர் சொல்லி அழைத்தனர். சிலர் ஒரு கணம் உள்ளே வந்து அமர்ந்து, நோட்டைப் புரட்டிப் பார்த்தனர், எழுத்தறியாதவர்களும் பார்த்தனர். ஒவ்வொரு பாயாகக் காலியாயிற்று. ஏழு மணிக்கு எல்லாரும் போய்விட்டனர், அந்தச் சிறுமியும் உறங்கிவிட்ட தம்பியும் தவிர. கம்பம்மெட்டு வளைவில் மூடுபனி, அந்த வழி ஜீப் மட்டும் தாமதம் என்று யாரோ சொன்னார்கள். கன்னியர் விளக்கை அணைக்கவில்லை. நம்முடைய வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று உபதேசியார் நினைவூட்டினார். அடுத்த பேருந்தில் போகலாம் என்று சொல்லிவிட்டு, நாமும் அந்தப் பாயிலே அமர்ந்தோம். அவள் கணக்கு நோட்டை நம் பக்கம் திருப்பி, "இது சரியா சாமி?" என்று கேட்டாள்.