ஊர்த்தெருவில் நின்ற வண்டி

எங்கள் காலனியிலிருந்து திருவண்ணாமலைக்கு வரவேண்டுமானால் ஊர்த்தெருவைத் தாண்டித்தான் தார்ரோட்டைப் பிடிக்க வேண்டும். ஏரிக்கரை மேல் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. ஊர்த்தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது. யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. தெருமுனை வந்ததும் கால் தானாக இறங்கிவிடும். தாத்தா இறங்கினார். நைனாவும் பல வருடம் இறங்கினார். அந்தக் கோடிக்குப் போய்த்தான் மறுபடி ஏறுவார்கள்.

1990களின் கடைசியில் நைனா ஒரு டிவிஎஸ் 50 வாங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயசு. இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த பழைய வண்டி. 1980-இல் ஓசூரிலிருந்து வரத் தொடங்கிய வண்டி அது. கியர் கிடையாது, பெடலை மிதித்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். பால் கேன், புல்லுக்கட்டு, பூக்கூடை, சிமெண்ட் மூட்டை எதை வைத்தாலும் இழுக்கும். எங்கள் பக்கத்து ஏழைகளுக்கு அதுதான் லாரி. கொத்து வேலைக்குப் போகும் நைனாவுக்கு அதுதான் எல்லாம்.

முதல் நாள் நைனா தெருமுனையில் இறங்கவில்லை. "மோட்டார் வச்ச வண்டிய எவன் தள்ளிக்கினு போவான்?" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நான் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நாலாவது மாசம் வண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டது. நைனா மிதிக்கிறார், மிதிக்கிறார், உயிர் வரவில்லை. திண்ணையிலிருந்து சிரிப்பு. "இப்போ தள்ளிக்கினுதான போற?" என்று கேட்டவன் நைனாவைவிட இருபது வயசு சின்னவன். நைனா பதில் பேசவில்லை. தள்ளினார். நான் பின்னாலிருந்து கைகொடுத்தேன். அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மணலூர்பேட்டை ரோட்டில் இருந்த பாய் கடைக்குப் போனோம். "பாய், நீங்க செஞ்சி குடுக்க வாணாம். எனக்குக் கத்துக்குடுங்க" என்றார் நைனா. பாய் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குந்து" என்றார். ஆறு ஞாயிற்றுக்கிழமை நைனா அங்கே உட்கார்ந்தார். கூடவே நானும். "பொட்டப் புள்ளைக்கு கிரீஸு எதுக்கு?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்று வண்டி நின்றதற்குக் காரணம் கரி. அந்த எஞ்சினில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவார்கள். இரண்டும் சேர்ந்து எரியும். எரிந்தது போக மிஞ்சும் கரி, புகை வெளியேறும் வாயிலும் சைலென்சரிலும் படிந்துகொண்டே வரும். "மூச்சு உடற எடம் அடைச்சிக்கினா மனுசன் என்ன ஆவான்? அதேதான்" என்றார் பாய். சிலிண்டரைக் கழற்றிக் கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

கழற்றுவது சுலபம். கோக்கும்போதுதான் தெரியும் சங்கதி. கோணிப்பையை விரித்து, கழற்றும் வரிசையிலேயே சாமான்களை வைத்துக்கொண்டு வரவேண்டும். மாட்டும்போது கடைசியில் இருப்பதிலிருந்து திரும்பி வரவேண்டும். பிஸ்டன் தலையில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது சைலென்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் உட்காரும் பள்ளத்தில் கடுகுபோல் ஒரு பின். ரிங்கின் இரண்டு முனையும் அந்தப் பின்னை அணைத்து நிற்க வேண்டும். தப்பி நின்றால், சிலிண்டரை இறக்கும்போது ரிங் ஒடிந்துவிடும்.

எல்லாவற்றிலும் சின்னது பிஸ்டன் லாக். பிஸ்டன் பின் நகராமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் கம்பி வளையம். அதை மாட்டுவதற்கு முன்னால் கீழே எஞ்சின் வாயில் துணியை அடைத்துவிடுவார் பாய். "இது உள்ள உழுந்திச்சின்னா மொத்த எஞ்சினையும் பிரிக்கணும்." சிமெண்ட் தின்ற நைனாவின் விரல்களுக்கு அந்த லாக் அடங்கவே இல்லை. இரண்டு தடவை எகிறிப் போய் மண்ணில் விழுந்தது. மூன்றாவது தடவை, "பாப்பா, நீ போடு" என்றார். நான் போட்டேன். 'டிக்' என்று உட்கார்ந்தது.

பின்னால் எம்.ஏ. வகுப்பில் நன்னூல் புணரியல் நடத்தினார்கள். தோன்றல், திரிதல், கெடுதல் என்று வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சினைக் கோக்கையில் இந்த மூன்றும் ஆகாது. புதிதாக ஒன்று தோன்றினால் அது வேறு வண்டிச் சாமான். திரிந்தால் மரை போய்விட்டது. கெட்டால் ஒரு வாஷர் காணோம். நைனாவின் இலக்கணத்தில் இயல்புப் புணர்ச்சி ஒன்றுதான்.

இயந்திரம் மனிதனுக்கு ஓய்வு தரும், ஓய்வில்லாமல் பண்பட்ட வாழ்வு இல்லை என்று வாதிட்டு, இயந்திரத்தை வெறுக்கும் காந்தியத்தை அம்பேத்கர் 1945-இல் வந்த தம் நூலில் மறுத்தார். அதைப் படித்தபோது எனக்கு நைனாவின் டிவிஎஸ் 50தான் ஞாபகம் வந்தது. இயந்திரம் எங்களை இறங்காமல் உட்கார வைத்தது. ஆனால் நின்றுபோன இயந்திரம் வெறும் பாரம். அது தாத்தா காலத்து வழக்கத்துக்கே நம்மைத் திருப்பிக் கொண்டுபோய் விடும். வண்டியை வாங்குவது பாதி. பிரித்துக் கோக்கத் தெரிவதுதான் மீதி.

சட்டமும் அப்படித்தான். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் தலித்துகள் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்புப் போடுவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகும் எங்கள் மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித்துகள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால்வைக்க 2023 ஜனவரி 30 வரை, அதுவும் போலீஸ் காவலோடு, காத்திருக்க வேண்டியிருந்தது. திருத்தத்தை நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். காது கொடுத்துக் கேட்டவர், "நல்ல வண்டிதான். நடுவழியில நின்னா யாரு எறங்கி செய்யறது?" என்றார். புகார் எழுதவும், ரசீது கேட்டு வாங்கவும், எந்தப் பிரிவில் வழக்குப் போட்டார்கள் என்று பார்க்கவும் காலனிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

2015-இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்துவிட்டது. பழைய வண்டிக்குச் சாமான் கிடைப்பது பெரிய பாடு. நைனாவுக்குக் கண் மங்கிவிட்டது. நான் எஞ்சினைக் கோக்கும்போது பக்கத்தில் குந்திக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்வார்: "ஒரு நட்டு இன்னும் எறங்கல, பாரு." பார்த்தால் இறங்கியிருக்காது.

கூட்டங்களுக்கு அந்த வண்டியில்தான் போகிறேன். பையில் நோட்டீஸோடு பிளக் ஸ்பேனரும் ஒரு ஜோடி பிஸ்டன் லாக்கும் இருக்கும். இப்போதெல்லாம் திண்ணையில் யாரும் சிரிப்பதில்லை. ஆனாலும் தெருமுனை வந்ததும் என் கை தானாக ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு கூட முறுக்கிவிடும்.