மண்ணுக்குள் ஒரு கெடு

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எரிவாயு உருளை வாங்கும்போதே நாங்கள் அதன் கழுத்துத் தகட்டைப் படித்துவிடுகிறோம். 'சி 27' என்றிருந்தால், 2027 செப்டம்பருக்குள் மறுசோதனை செய்தாக வேண்டும். மண்ணில் புதைந்த குழாய்க்கு அப்படியொரு தகடு இல்லை.

ஆந்திரத்தின் கோதாவரிப் படுகையில் நகரம் என்றொரு சிற்றூர். 2014 ஜூன் 27 விடியலில் அங்கே கெயில் நிறுவனத்தின் குழாயிலிருந்து கசிந்த வாயு தீப்பற்றி, 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாயுவோடு வந்த நீர் குழாயை உள்ளிருந்தே அரித்திருந்தது.

குழாய்க்குள் செலுத்தும் காந்தக் கருவி சுவரின் தேய்மானத்தை அளந்து சொல்லும். நைந்த இடத்தில் எஃகு உறை பற்றவைக்கலாம், துண்டையே மாற்றலாம். அந்த அளவுகள் கோப்புகளில் உறங்குகின்றன. குழாயின்மேல் உறங்குகிறவர்களுக்கும் அவற்றைப் படிக்கும் உரிமை வேண்டுமென்கிறோம்.