தாழிக்குள் ஒரு தேசம்

காக்கஸஸ் மலைத்தொடருக்குத் தெற்கே, கருங்கடலோரத்தில் உள்ள சிறு தேசம் ஜார்ஜியா. அதன் கீழ்ப்பகுதியே ககேத்தி மாகாணம். அலஸானி நதிப் பள்ளத்தாக்கில் நின்று வடக்கே நோக்கினால் பனி மூடிய சிகரங்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைத் தோட்டங்கள்! மதுவைக் கையாலும் தொடாத நேயர்கள் பலர் என்பதை நாம் அறிவோம். ஆயினும் இவ்வூர்த் திராட்சை மதுவின் கதை ஒரு சிறு தேசத்தின் தன்மானக் கதையும் ஆகையால், காதால் கேட்பதில் தோஷமில்லை.

இங்கே குடியானவர் வீடுகளில் 'மரனி' என்றோர் அறை உண்டு. உள்ளே சென்றால் தரையில் வட்ட வட்டமான வாய்கள் மட்டுமே தென்படும். ஒவ்வொன்றின் கீழும் 'க்வெவ்ரி' என்னும் முட்டை வடிவமான பெரிய மண் தாழி கழுத்து வரை புதைந்திருக்கிறது. அதன் உட்புறத்தில் தேன்மெழுகு பூசியிருப்பார்கள். அறுவடையானதும் திராட்சையை மிதித்து, சாறும் தோலும் விதையும் காம்புமாகத் தாழியில் நிரப்புகிறார்கள். சாறு தானே பொங்கி அடங்குகிறது. பின்னர் வாயை மூடி ஐந்தாறு மாதம் விட்டுவிடுகிறார்கள். குளிரும் வெப்பமும் அணுகாமல் பூமாதேவியே காவல் காக்கிறாள்.

இத்தேசத்தில் திராட்சை மதுவின் பழமை வியக்கத்தக்கது. திபிலிஸி நகரத்துக்குத் தெற்கே இரண்டு மண்மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில், கி.மு. 6000-ஐ ஒட்டிய காலத்து மதுவின் சுவடு உள்ளதென 2017-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

இத்தகைய தொழிலுக்கும் கஷ்ட காலம் வந்தது. ஸோவியத் ஆட்சியில் அளவே பிரதானமாயிற்று. 500-க்கு மேற்பட்ட சுதேசித் திராட்சை வகைகளில் ஒரு சிலவே பெரிய ஆலைகளுக்காகப் பயிராயின. 1985-ல் கோர்பசேவ் மது ஒழிப்பில் இறங்கியபோது கொடிகள் ஏராளமாக வெட்டப்பட்டன. 1991-ல் சுதந்திரம் வந்த பின்னும் ஜார்ஜியாவின் மதுவை வாங்குவோரில் ருஷ்யாவே முதன்மையாயிருந்தது. 2006-ல் ருஷ்யா, மது அசுத்தமென்று கூறி இறக்குமதியைத் தடுத்தது. ஏற்றுமதியில் பெரும்பகுதி ஓர் உத்தரவிலே நின்றுபோயிற்று!

அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தது எது? அயலாருக்கு விற்பதற்கென்றில்லாமல், ஸோவியத் காலத்திலும் தங்கள் வீட்டுக்கென்று குடியானவர் விடாமல் காத்துவந்த மண் தாழியே. மது செய்வோர் தரத்தை உயர்த்திப் புதிய சந்தைகளைத் தேடினார்கள்; தாழி மதுவுக்குத் தூரதேசங்களில் மதிப்பு உண்டாயிற்று. 2013-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இம்முறையை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வமாக ஏற்றது.

அதே ஆண்டில் ருஷ்யாவின் தடையும் நீங்கியது. பழைய வாடிக்கை மீண்டும் பெருகியது. வியாபாரத்தில் பழகிய வாசலை மறப்பது எளிதன்று. ஆனால், அந்த வாசல் மறுபடி சாத்தப்பட்டால் எங்கே திரும்புவது என்பதை ககேத்தியின் குடியானவர் அறிவர். அது அவர்கள் காலடியிலேயே புதைந்திருக்கிறது.